பெரியம்மாவின் கேள்விகளுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், எப்படி நிறுத்துவது?

மெல்லினம் எழுதியது:

வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. கோபத்தில் விட்டதல்ல. மறுபடியும் படிக்க வேண்டும் என்று இரண்டு வருடம் யோசித்து, ஒன்றரை வருடத்துக்குத் தேவையான சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் விட்டேன். எனக்கு வயது 34. கணவரும் நானும் உட்கார்ந்து மாதச் செலவைத் தாளில் எழுதிக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு இது.

பிரச்சினை என் பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். நலம் விசாரிப்பது அரை நிமிடம். அதன்பிறகு விசாரணைதான்.

போன மாதம் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். கூடத்தில் பதினான்கு பேர். என் பைக்குள்ளிருந்து பாட நோட்டு எட்டிப் பார்த்தது. பெரியம்மா அதை உருவி எடுத்து, நெற்றிக்கு மேல் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு, விரலை நனைத்து நனைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்க ஓரத்தில் சிவப்பு மையில் "புரியவில்லை, மறுபடி பார்க்க" என்று எழுதி வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "இருந்த வேலையை விட்டுட்டு, புரியாததை உக்காந்து படிக்கிறாளாம்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. "சேமிப்பு இருக்கு பெரியம்மா" என்றால் "எவ்வளவு?" என்கிறார். "ஒன்றரை வருஷத்துக்குப் போதும்" என்றால் "அதுக்குள்ள யாருக்காவது உடம்புக்கு முடியாமப் போனா?" என்கிறார். "அவருக்கும் சம்மதம்தான்" என்றால் "அவன் வாயைத் திறந்து உங்கிட்ட சொல்லுவானா?" என்கிறார். கூண்டில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. அன்று இரவு இரண்டு மணி வரைக்கும் தூங்காமல், சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது மூன்று வாரம் கூடவே இருந்தவர் இதே பெரியம்மாதான். ராத்திரி நாற்காலியிலேயே தூங்குவார். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்தான் விழித்திருப்பார். அதனால் "உறவே வேண்டாம், விட்டுத் தள்ளுங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டாம். உறவும் வேண்டும், இந்தக் கேள்விகளும் நிற்க வேண்டும். யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

கிழக்குச்சன்னல்:

காரணம் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் ஒரு காரணம் சொன்னால், அதை எடைபோடும் உரிமையையும் சேர்த்தே அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். "இது நாங்கள் எடுத்த முடிவு" என்பதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

---

தூரத்துமணி:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மூன்று வாரம் நாற்காலியில் தூங்கியவருக்கு இரண்டு கேள்வி கேட்கக்கூட உரிமை இல்லையா? பெரியவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். கேட்கும் விதம் கரடுமுரடாக இருக்கலாம். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட வேண்டியதுதான். வெறும் வார்த்தைதானே, அடிக்கவா செய்கிறார்? நாளைக்கு ஒன்று என்றால் இடித்துரைக்க ஆள் வேண்டும். எல்லாரையும் வாயடைத்துவிட்டு என்ன செய்யப் போகிறோம்?

---

மெல்லினம்:

தூரத்துமணி, பதினைந்து வருடம் அப்படித்தான் விட்டேன். கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்தேன், முதல் வேலையில் என்ன சம்பளம், முடியை ஏன் வெட்டினேன் என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். காதில் விழுவது அந்தப் பக்கம் போகவில்லை, உள்ளேதான் தங்குகிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. கணவரிடம் எரிந்து விழுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

---

நிழல்மரம்:

குடும்ப ஆலோசனைத் துறையில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "வெறும் வார்த்தைதானே" என்பதைப் பற்றி. ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1972இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களைப் பற்றியது. குடும்பத்தாரைப் பேசவிட்டு, அந்தப் பேச்சில் எத்தனை குறைகூறல் வருகிறது என்று எண்ணினார்கள். சொல்லை மட்டுமல்ல, அதைச் சொல்லும் தொனியையும் கணக்கில் எடுத்தார்கள். குறைகூறலும் பகைமையும் அளவுக்கு மீறிய தலையீடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 சதவீதத்தினருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் மறுபடி தலைதூக்கியது. மற்ற வீடுகளில் அது 16 சதவீதம்தான். இது நோயாளிகளைப் பற்றிய கணக்கு, மெல்லினத்தின் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தொனி உடம்புக்குள் இறங்கும் என்பதை நான் சந்தேகப்படுவதில்லை. சனிக்கிழமையே வயிற்றைப் பிசைவது கற்பனை அல்ல.

அந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரியவந்தது. குறைகூறும் உறவினரோடு வாரத்துக்கு 35 மணிநேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நேரம் குறைந்தால் பாதிப்பும் குறைந்தது. எங்களைத் தேடி வருகிறவர்களிடம் இதை அடிக்கடி சொல்கிறேன். உறவை வெட்டுவது, எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வது என்று இரண்டே வழிதான் உண்டு என நினைக்காதீர்கள். முக்கால் மணிநேரப் போனைப் பத்து நிமிடமாக்குவதும் ஒரு வழி.

அடுத்தது, மெல்லினம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். நீங்கள் வேலையை விட்டது பெரியம்மாவுக்கு யார் மூலம் தெரிந்தது?

---

மெல்லினம்:

அம்மா மூலம்தான். நான் அம்மாவிடம் சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் பெரியம்மாவுக்குப் போய்விட்டது. எப்போதும் அப்படித்தான்.

---

நிழல்மரம்:

அதைத்தான் எதிர்பார்த்தேன். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்துக் கவனித்தார். அவர் முன்வைத்த கருத்துகளில் முக்கியமானது முக்கோணம். இரண்டு பேருக்கு நடுவில் பதற்றம் ஏறினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு உங்களைப் பற்றிக் கவலை இருந்திருக்கும். அதை உங்களிடம் நேரடியாகக் கேட்கத் தயக்கம். அக்காவிடம் இறக்கி வைக்கிறார். அக்கா அந்தக் கவலையைக் கேள்வியாக்கி உங்கள் மேல் கொட்டுகிறார். ஆக நீங்கள் முதலில் பேச வேண்டியது பெரியம்மாவிடம் அல்ல, அம்மாவிடம்.

பிறகு பெரியம்மாவிடம் பேசும்போது மூன்று கட்டம் வரும் என்று எதிர்பாருங்கள். இதையும் போவன் பதிவு செய்திருக்கிறார். குடும்பத்தில் ஒருவர் தன் நிலையைத் தெளிவாகச் சொன்னவுடன், "நீ செய்வது தப்பு" என்பார்கள். அப்புறம் "பழையபடி இரு" என்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் "இப்படியே இருந்தால் என்ன ஆகும் தெரியுமா" என்பார்கள். மூன்றாவதைக் கேட்டு நிறையப் பேர் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். சண்டையும் போடாமல், விளக்கமும் சொல்லாமல், கோபித்துக்கொண்டு போகாமலும் அங்கேயே நின்றால் போதும். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும். என் சொந்த அண்ணனிடம் இதைச் செய்து முடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது.

---

ஏழாம்பக்கம்:

நிழல்மரம் சொன்ன மூன்றாவது கட்டத்தை அப்படியே அனுபவித்தவன் நான். என் மாமனாருக்கு நாங்கள் எங்கே குடியிருப்பது என்பதில் எப்போதும் ஒரு கருத்து உண்டு. "வீட்டைப் பற்றி இனி பேச வேண்டாம் மாமா" என்று ஒரு நாள் சொன்னேன். அடுத்த இரண்டு மாதம் படுமோசம். ஒரே நாளில் பதினோரு முறை போன் வந்தது. என் தம்பிக்கு, என் மேலாளருக்கு, நான் வருடக்கணக்கில் பேசாத ஒரு நண்பனுக்குக்கூடப் போன் செய்துவிட்டார்.

அப்போது ஒரு நண்பர் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் சோதனைகளைப் பற்றிச் சொன்னார். விசையை அழுத்தினால் இரை கிடைக்கும் என்று எலியைப் பழக்கிவிட்டு, திடீரென இரையை நிறுத்தினால், எலி உடனே ஓய்ந்துவிடாது. முதலில் முன்பைவிட வேகமாக அழுத்தும். எப்போதாவது ஒருமுறை இரை விழுந்துகொண்டிருந்தால், அந்தப் பழக்கம் போக இன்னும் நாளாகும். எனக்குச் சுருக்கென்று பட்டது. பத்துப் போன்களை எடுக்காமல் இருந்துவிட்டு, பதினொன்றாவதை எடுத்து அரை மணிநேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். பத்து முறைக்குச் சலிக்காமல் இருந்தால் பதினொன்றாவதில் பேச்சு கிடைக்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஒரே ஒரு போன் மட்டும் எடுப்பேன். வீட்டைப் பற்றி வந்தால் "வேற சொல்லுங்க மாமா". அந்த மூன்று சொல்லைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. குரலையும் உயர்த்துவதில்லை. ஓய்வதற்கு ஏறக்குறைய ஐந்து மாதம் பிடித்தது. இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை முயன்று பார்ப்பார்.

---

கிழக்குச்சன்னல்:

ஏழாம்பக்கம், உங்கள் மனைவி அப்பாவிடம் பேசவில்லையா? யார் பக்கத்து உறவோ அவர்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து. மருமகன் சொன்னால் "வந்தவன் சொல்கிறான்" என்றாகிவிடும், மகள் சொன்னால் மகளின் முடிவு என்றாகும்.

---

ஏழாம்பக்கம்:

அவளால் அப்போது முடியவில்லை. அப்பாவின் குரல் உயர்ந்தாலே அவளுக்குக் கை நடுங்கும். அதனால் நான் பேசினேன். நீங்கள் சொல்வது சரிதான், அவள் பேசியிருந்தால் ஐந்து மாதம் ஆகியிருக்காது. ஆனால் கை நடுங்குகிறவளைப் பிடித்து முன்னால் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

---

பின்மாலை:

இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் அந்தப் பெரியம்மாவின் இடத்தில் இருந்தவள். வயது 61.

என் தம்பி மகள் மேல் எனக்கு உயிர். அவள் குழந்தையாக இருந்தபோது என் மடியில்தான் தூங்குவாள். அவளுக்குத் திருமணமாகி நான்கு வருடம் வரைக்கும், பார்க்கும்போதெல்லாம் குழந்தையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வைத்தியர் பெயர் சொல்வேன். வயதைக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அவள் சிரித்து மழுப்புவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "அத்தை, இதை இனிமே எங்கிட்ட கேக்காதீங்க. வேற எதை வேணும்னாலும் கேளுங்க." அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. வார் மாட்டி முடிந்ததும் "வரேன் அத்தை" என்று போய்விட்டாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், அடி வாங்கின மாதிரி இருந்தது. நாற்பது நாள் அவளோடு பேசவில்லை. தம்பியிடம் "உன் பொண்ணுக்கு மரியாதை தெரியலை" என்றேன். அவனும் அவள் பக்கம் பேசவில்லை. ஆனால் அவளாகப் புதன்கிழமை தோறும் போன் செய்ய ஆரம்பித்தாள். நான் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் செய்தாள். தோட்டத்தில் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பாள், என் முழங்கால் வலியைக் கேட்பாள், அவள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்வாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவளிடம் பேசுவதற்கு எனக்கு வேறு விஷயமே இல்லாமல் இருந்திருக்கிறது. அவள் வளர்ந்துவிட்டாள், அவள் படிப்பும் வேலையும் எனக்குப் புரியாது. குழந்தை என்றால் எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை விட்டால் அவளைப் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு கயிறு இல்லை என்று பயந்திருக்கிறேன். அவள் வேறு கயிற்றைக் கொடுத்தாள்.

இரண்டு வருடம் கழித்து அவளாகவே சொன்னாள், அந்த நான்கு வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது என்று. ஒன்று கலைந்த பத்தாம் நாள்தான் நான் அவளை எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

தூரத்துமணிக்கு ஒரு வார்த்தை. அக்கறையில் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். நானும் அக்கறையில்தான் கேட்டேன். கேட்டவள் அக்கறையானவள் என்பதால் அவளுக்கு வலி குறையவில்லை. இடித்துரைப்பதைத் தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை சொன்னால் போதும். பதினான்கு பேர் முன்னால் ஒரு பெண்ணின் நோட்டை வாசித்துக் காட்டுவது இடித்துரைப்பதில் சேராது.

மெல்லினம், சொல்லிவிடுங்கள் அம்மா. பெரியம்மாவுக்கு வலிக்கும். அந்த வலி ஆறிவிடும்.

---

தூரத்துமணி:

பின்மாலை அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "வெறும் வார்த்தைதானே" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மெல்லினம், மன்னிக்கவும். ஆனால் அவரை எல்லார் முன்னாலும் மடக்கிப் பேசிவிடாதீர்கள் என்பதை மட்டும் இன்னும் சொல்வேன். தனியாகச் சொல்லுங்கள்.

---

கரையோரம்:

ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கே பேசுவதெல்லாம் வாயால் குறை சொல்கிற, அடிமனதில் பாசம் உள்ள உறவுகளுக்குத்தான் பொருந்தும். பணத்தைப் பிடுங்குகிறவர், மிரட்டுகிறவர், கை நீட்டுகிறவர், நம் பெயரில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் கதை வேறு. அங்கே பொறுமையாக ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதலில் பாதுகாப்பான தூரத்துக்குப் போய்விட வேண்டும். நான் போனேன். எட்டு வருடம் ஆகிறது. வருந்தவில்லை.

---

மெல்லினம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. பின்மாலை அம்மாவின் பதிவை என் கணவருக்கு வாசித்துக் காட்டும்போது என்னால் முழுதாக வாசிக்க முடியவில்லை.

முதலில் அம்மாவிடம் பேசினேன். "அக்கா கேட்டா நான் எப்படிச் சொல்லாம இருக்கிறது?" என்றார். "அவகிட்டயே கேட்டுக்கோங்கக்கான்னு சொல்லிடும்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்படிச் சொல்லலாமா?" என்றார். 58 வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். அம்மாவும் என்னைப் போலத்தான் வாழ்நாள் முழுக்க அக்காவுக்குக் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், சொல்ல வேண்டிய வாக்கியத்தை அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். போன் வந்தது. அரை நிமிடம் நலம் விசாரித்தார். பிறகு "பணம் இன்னும் எத்தனை மாசத்துக்கு ஓடும்?" என்றார். எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தேன் என்றே சொல்லலாம்: "பெரியம்மா, என் படிப்பையும் பணத்தையும் பத்தி நான் இனிமே யார்கிட்டயும் பேசப்போறதில்லை. உங்ககிட்ட மத்த எல்லாத்தையும் பேசணும்."

"நான் என்ன வெளியாளா?" என்றார்.

"இல்ல பெரியம்மா. ஆனா இதைப் பத்திப் பேசப்போறதில்லை."

"உங்கப்பா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

இதற்கு நான் தயாராகவே இல்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. வழக்கமாக இந்த இடத்தில்தான் விளக்கம் சொல்லி அழ ஆரம்பிப்பேன். நோட்டில் இருந்த வாக்கியத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. சனிக்கிழமை வயிற்றைப் பிசைந்தது, ஞாயிறு சாயங்காலம் அதைவிடப் பிசைந்தது. பின்மாலை அம்மாவை நினைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை நானே கூப்பிட்டேன். அப்பாவோடு மருத்துவமனையில் இருந்த அந்த மூன்று வாரத்தைப் பற்றிக் கேட்டேன். ராத்திரியில் அப்பா அவரிடம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார்: அப்பாவுக்கு வலி அதிகமான ராத்திரிகளில் நானும் அண்ணனும் சின்ன வயதில் போட்ட சண்டைகளை வரிசையாகச் சொல்லச் சொல்வாராம், பெரியம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். இருபது நிமிடம் பேசினோம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது. முதல் கேள்வி பழைய கேள்விதான். அதே வாக்கியத்தைச் சொன்னேன். "சரி சரி" என்றார், கோபமாகத்தான். நான்கு நிமிடத்தில் முடிந்தது.

---

ஏழாம்பக்கம்:

இன்னும் சில மாதம் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். வாக்கியத்தை மாற்றிவிடாதீர்கள்.

---

கிழக்குச்சன்னல்:

அடுத்து எல்லாரும் கூடும்போது என்ன செய்யப் போகிறீர்கள்? அங்கே பதினான்கு பேர் இருப்பார்களே.

---

மெல்லினம்:

அடுத்த மாதம் இருக்கிறது. போவோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முன்கூட்டியே கணவரும் நானும் பேசி வைத்துவிட்டோம். எல்லார் முன்னாலும் கேட்டால், "அப்புறம் தனியா பேசலாம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்காரப் போகிறேன். எழுந்து போகப் போவதில்லை. நோட்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுவேன்.